குழியில் படுத்தவர் சிரிக்க வேண்டும்

ஐப்பசி 5, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. நாளையிலிருந்து நம் வீட்டிலேயே ஷூட்டிங். யூனிட் ஆட்களுக்கு நான்தான் சமைக்க வேண்டும். அரிசியில் கல் நிறைய. மண்ணெண்ணெய் பாதி டின். கூடத்துக் கட்டிலைப் பின்பக்கம் போட்டாயிற்று.

சாயங்காலம் அவர் அலமாரி முன்னால் வந்து நின்றார்.

"பாக்கியம், குழந்தையோட பச்சைப் பாவாடை எங்க?"

"இன்னாத்துக்கு?"

"படத்துக்கு."

"புதுசு தைச்சுக்கலாமே. பூந்தமல்லி பாய் கிட்ட அளவு கீது."

"புதுசைப் பார்த்தா எனக்கு அழுகை வராது" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். போன தீபாவளிக்குத் தைத்தது. அதற்கடுத்த மாதம், கார்த்திகையிலேயே, வ. போய்விட்டாள். முழுப் பெயரையும் எழுதக் கை வரவில்லை. வ. போதும். எங்களுக்கு இருந்தது அவள் ஒருத்திதான்.

'சிரிப்பு நடிகருக்கு எதுக்குய்யா அழுகைப் படம்' என்று ஊரே கேட்கிறது. எனக்குத் தெரியும். வ.வைக் கையில் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை இடுகாட்டுக்குப் போனபோது தெருவெல்லாம் சேறு. அவருக்கு நிஜமாகவே கால் வழுக்கியது. டீக்கடையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். "டேய், நம்ம தடுக்கி தணிகாசலம்டா" என்று ஒருவன். கையில் இருப்பது என்ன என்று பார்த்த பிறகுதான் வாயை மூடினார்கள். வாசலில் நின்ற எனக்கே கேட்டது. அவருக்குக் கேட்காமல் இருக்குமா.

அன்றிலிருந்து கேமரா முன்னால் அவர் விழவில்லை. தேடி வந்த வேஷங்களை எல்லாம் திருப்பி அனுப்பினார். தன் படம், தானே டைரக்டர், தானே அப்பா வேஷம். பிள்ளையைப் பறிகொடுத்த அப்பா. 'ஒருத்தனும் சிரிக்காத படம்' என்கிறார்.

ஐப்பசி 6, புதன்

தூறல்தான். தெருமுனையிலிருந்தே சைக்கிள் மணி கேட்டது. மாணிக்கம். அவருடைய புரொடக்‌ஷன் மேனேஜர், நாடக நாளிலிருந்து கூட இருப்பவன். மணி அடிக்காமல் இந்தத் தெருவுக்குள் அவனுக்கு வரத் தெரியாது. மாடு நின்றாலும் அடிப்பான், யாரும் இல்லாவிட்டாலும் அடிப்பான்.

"அண்ணி, காப்பி. அதுக்கப்புறம் உலகம்."

பின்னாலேயே ஒரு பொம்பளை, ஒரு சின்னப் பெண். பொம்பளை முனியம்மா. அம்பத்தூரில் புதிதாகத் தொழிற்சாலைகள் கட்டுகிறார்களே, அங்கே மண் சுமக்கிறாள். புருஷன் இல்லை. அண்ணனூரில் ரயில் லைனுக்குப் பக்கத்தில் குடிசை. பெண் பெயர் தேவகி. வ. வயசுதான். ஆனால் உயரம்.

பாவாடை அவளுக்குக் கெண்டைக்கால் வரைதான் வந்தது. அவர் முகம் சுருங்கியது.

அடிப்பக்கம் உள்மடிப்பு வைத்துத் தைக்கச் சொல்லியிருந்தேன் பாயிடம். வளர்கிற பெண், அடுத்த வருஷம் பிரித்துவிடலாம் என்று. இன்று பிரித்தேன். மடிப்புக்குள் இருந்த துணி கொஞ்சமும் வெளுக்கவில்லை.

தேவகி கண்ணாடி முன்னால் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"இது யாருது அத்தே?"

"எம்பொண்ணுது."

"அது எங்க?"

முனியம்மா அவள் வாயில் ஒன்று போட்டாள். "கம்முனு கெட. நை நைன்னுகினு."

"அடிக்காதே" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

ஐப்பசி 7, வியாழன்

வீடு முழுக்க ஒயர். லைட் சூட்டில் சுவர்ச் சுண்ணாம்பு உதிர்கிறது. சமைத்தது: சாம்பார், கோஸ், அப்பளம். அப்பளம் போதவில்லை.

இன்று அவர் அழுகிற காட்சி. காய்ச்சலில் கிடக்கும் பெண் பக்கத்தில் உட்கார்ந்து அழ வேண்டும். நன்றாகத்தான் அழுதார். கண்ணீர் தானாக வந்தது. லைட் பிடிக்கிறவன் ஒருவன் உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. பார்த்துவிட்டார்.

"சிரிக்கிறியா?"

"இல்லீங்கண்ணா, தும்மல்."

"தும்மலா."

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அவனுக்குத் தும்மல்.

அவன் மேல் தப்பில்லை. சின்ன வயசில் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் ராஜாவுக்குக் காவலாள் வேஷம் கட்டிய நாளில் இவர் திரைக் கயிறு தடுக்கி விழுந்தாராம். கொட்டகை முழுக்கச் சிரிப்பு. அடிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நடுங்கிக்கொண்டு போனால், வாத்தியார் "நாளைக்கும் விழு" என்றாராம். நாளைக்கும் விழுந்தார். பிறகு சினிமாவில். ஹீரோ தள்ளினால் விழுவார், மாடு முட்டினால் விழுவார், ஒன்றும் இல்லாமலும் விழுவார். கல்யாணத்தன்று மணையில் உட்காரப் போகும்போது என் சொந்தக்காரர்கள் எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள், விழுவாரா என்று.

சாப்பிடும்போது தேவகி கேட்டாள். "மாமா, நீ டாக்கீஸ்ல விழுவியே, அத்த ஒருவாட்டி செய்யேன்."

"அதெல்லாம் விட்டாச்சும்மா" என்று கை கழுவப் போய்விட்டார்.

ஐப்பசி 9, சனி

பலத்த மழை. ஷூட்டிங் இல்லை. ஏரிக்கரையில் குழி வெட்ட ஆள் அனுப்பியிருக்கிறார். நாளை பெண்ணைக் குழியில் வைக்கிற காட்சி. வேறு இடமே இல்லையா என்று கேட்டேன். வ. இருக்கும் இடத்திலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம் அது.

"அங்கதான் வெளிச்சம் நல்லா விழுது" என்றார்.

மாணிக்கம் சாமான் சொல்லி எழுத வைத்தான். பூசணிக்காய் பெரிசு. சூடம். குங்குமம். எலுமிச்சம்பழம். பெண்ணுக்கு பிஸ்கட்.

பூசணி எதற்கு என்றேன்.

"சினிமாக்காரன் பொண்டாட்டியா இருந்துகினு இது தெரியாதா அண்ணி? பொணமா படுத்து நடிச்சா, ஷாட் முடிஞ்ச கையோட எழுந்து கேமராவப் பாத்து சிரிக்கணும். அந்தச் சிரிப்பையும் ஃபிலிம்ல புடிக்கணும். அப்பால பூசணி சுத்தி ஒடைக்கணும். அதுக்கு மின்னாடி மேக்கப் கலைக்கக் கூடாது, வூட்டுக்குப் போவக் கூடாது."

"சிரிக்காட்டி?"

"செத்த மாதிரி புடிச்சது அப்படியே நின்னு பூடும். உயிரோடதான் கீறேன்னு அதே கேமராவுக்குச் சொல்ல வேணாவா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் பூசணியை நான் தரையில் வைத்ததும் எடுத்து மணை மேல் வைத்தான்.

ஐப்பசி 10, ஞாயிறு

மழை விட்டது. வெயில் இல்லை. பொம்பளை போகக்கூடாத இடம். சோற்றுக் கூடையோடு போனேன், யாரும் தடுக்கவில்லை. வ. இருக்கும் பக்கம் பார்க்காமல் பனைமரத்தடியில் நின்றுகொண்டேன்.

தேவகி குழிக்குள் அடங்கவே இல்லை. மண் விழுந்தால் "கூசுது, கூசுது" என்று நெளிகிறாள். முனியம்மா கரையில் நின்று அதட்டினாள். மேகம் கூடிக்கொண்டே வந்தது.

கடைசியில் அவர் சட்டையைக் கழற்றினார். "இங்க பாரு பாப்பா, எப்படிப் படுக்கணும்னு" என்று தானே குழியில் இறங்கி, மல்லாந்து, கையைக் கட்டிக் கண்ணை மூடினார். மண் போடச் சொன்னார். போட்டார்கள். நெஞ்சில், கழுத்தில். அசையவில்லை. மூச்சு இருக்கிறதா என்றே தெரியவில்லை. கேமரா கொஞ்ச நேரம் கரகரவென்று ஓடியது. வெளிச்சம் சரியா என்று பார்க்கிறார்கள் போல. அத்தனை பேர் நின்றார்கள், ஒரு சத்தம் இல்லை. அவர் என்ன செய்தாலும் சிரிக்கிற ஜனம்.

பிறகு எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். தேவகியை இறக்கினார்கள். இந்தத் தடவை நெளியவில்லை. அவர் படுத்த மாதிரியே படுத்தாள். பச்சைப் பாவாடை. என்னால் பார்க்க முடியவில்லை. பனைமரத்துச் சொரசொரப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கட் என்றார்கள். மாணிக்கம் பூசணியோடு ஓடினான். "பாப்பா, எழுந்து கேமராவப் பாரு. ஈ..ன்னு ஒரு சிரிப்பு சிரி."

"வேணாம்" என்றார் அவர்.

"இன்னா அண்ணாத்தே, சிரிப்பு ஷாட்டு..."

"என் படத்து ஃபிலிம்ல ஒரு சிரிப்பு கூட விழக்கூடாது."

"அத்த யாரு படத்துல ஒட்டப் போறா? வெட்டித் தூரப் போடத்தானே. எம்மாம் பெரிய நடிகனுக்கும் இதான் அண்ணாத்தே."

"ஃபிலிம்ல விழக்கூடாதுன்னேன். மூட்டை கட்டு."

கேமராவுக்கு உறை போட்டுவிட்டார்கள். தேவகி குழியிலேயே தூங்கிப் போயிருந்தாள். முனியம்மா தோளில் போட்டுக்கொண்டு போனாள். கால் தொங்கியது.

பூசணி உடையாமல் வீட்டுக்கு வந்திருக்கிறது. சமைக்கக் கூடாது. தூக்கிப் போடவும் தோன்றவில்லை.

ஐப்பசி 12, செவ்வாய்

காலையில் வாசலில் முனியம்மா. தலை வாரவில்லை. மழையில் நடந்தே வந்திருக்கிறாள்.

"யக்கா, எம்பொண்ணுக்கு காய்ச்சல். கண்ணத் தொறந்துகினே படுத்துக் கீது. பேச மாட்டேங்குது. கையக் கட்டிகினு, அப்படியே."

அவர் உள்ளிருந்து வந்தார். "டாக்டர் கிட்ட காட்டினியா?"

"காட்டாமயா? மழைல நனைஞ்ச காய்ச்சல்னு மிக்ஸர் மருந்து குடுத்தாரு. குடிக்கல. நீ சிரிக்க வுட்டிருந்தா எம்பொண்ணு ஏன் இப்படிக் கெடக்கப் போவுது? எல்லாரும் சொன்னாங்களே. நீ டைரக்டரா, எமனாய்யா?"

அவள் அழுதுகொண்டே போனாள். ரயிலுக்குக் கூட நிற்கவில்லை, தண்டவாளத்தை ஒட்டியே நடந்தாள்.

தெருவில் எல்லாரும் தீபாவளிக்கு மாவு இடிக்கிறார்கள். வருஷம் திரும்பாத வீடு, எங்களுக்குப் பலகாரம் கிடையாது.

ஐப்பசி 13, புதன்

அண்ணனூர் போனேன். குடிசை ஒழுகுகிறது. தேவகி முனியம்மா சொன்ன மாதிரியே. நெற்றி கொதிக்கிறது. என்னைப் பார்த்தாள், தெரிந்த மாதிரி காட்டவில்லை. பாவாடையை யாரும் மாற்றவில்லை. நானே கழற்றி, முனியம்மா சேலைக் கிழிசலைச் சுற்றினேன். பாவாடையை மடித்து என் இடுப்பில் செருகிக்கொண்டேன். மறுபடி கொடுக்க மாட்டேன், யாருக்கும்.

வ.வும் கடைசி இரண்டு நாள் இப்படித்தான் பார்த்தாள். அப்போது அவர் ஸ்டூடியோவில் மாடிப்படியில் உருண்டுகொண்டிருந்தார். ஆள் போய்ச் சொல்லி வருவதற்குள் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அவர் முன்னால் நின்றேன். இத்தனை வருஷத்தில் அவருக்கு இதைச் செய் என்று நான் சொன்னதில்லை.

"கேமராவைக் கொண்டாங்க. அந்தப் பொண்ணு சிரிக்கணும்."

"எப்படிச் சிரிக்கும், அந்த நிலைமையில?"

"ஊரையே சிரிக்க வெச்சீங்களே. ஒரு பொண்ணச் சிரிக்க வைக்க முடியாதா?"

எழுந்து போய் மாணிக்கத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்.

ஐப்பசி 14, வியாழன்

கேமரா வந்தது. பூசணியை நான் இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். குடிசை வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு, தேவகியைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தோம். தூறல். கேமராவுக்குக் குடை, கேமராமேனுக்கு இல்லை.

அவர் நடந்து வந்து விழுந்தார். சேற்றில் தொப்பென்று. லைன் ஜனம் முழுக்கச் சிரித்தது. "தடுக்கி! தடுக்கி!" என்று கைதட்டல். தேவகி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

குடத்தோடு விழுந்தார். ஆட்டுக்குட்டி மேல் விழப் போய், அதற்கு வழி விட்டுத் தான் மட்டும் விழுந்தார். ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. தேவகி அசையவில்லை. அவருக்கு மூச்சு வாங்கியது. முழங்கையில் ரத்தம்.

முனியம்மா "வுட்டுடுய்யா" என்றாள்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "அந்தக் கல்லுக்குக் கும்பிடு போடுவீங்களே, அது" என்றேன்.

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு வழியில் ஒரு கல்லைப் பொறுக்கி வைத்தார். நடந்து வந்தார், கல்லைப் பார்த்தார், பயந்தார், கும்பிட்டார், மெள்ளச் சுற்றிக்கொண்டு தாண்டினார். தாண்டிவிட்ட பெருமையில் நெஞ்சை நிமிர்த்தினார். நிமிர்த்திய இடத்திலேயே, ஒன்றும் இல்லாத தரையில், விழுந்தார்.

தேவகி வாயிலிருந்து ஒரு சத்தம். முதலில் இருமல் என்று நினைத்தேன். சிரிக்கிறாள். "கல்லு அங்க கீது, இங்க வுயிறாரு" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். கேமரா கரகரவென்று ஓடுகிறது. மாணிக்கம் மூன்று சுற்றுச் சுற்றிப் பூசணியைப் போட்டு உடைத்தான். என் காலெல்லாம் குங்குமம்.

வ.வும் அந்த இடத்தில்தான் சிரிப்பாள். அவள் போன பிறகு இன்றுதான் எனக்கு அழுகை வந்தது. ரயில் போகிற சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

ஐப்பசி 17, ஞாயிறு

தேவகிக்குக் காய்ச்சல் விட்டதாம். ரசம் சாதம் கேட்டாளாம். மாணிக்கம் தெருமுனையிலிருந்து மணி அடித்துக்கொண்டே வந்து சொன்னான்.

இவருக்குத்தான் சேற்றில் புரண்டு இருமல். சுக்குக் கஷாயம் கொடுத்தேன், பாதி குடித்தார். இருமிக்கொண்டே கோடம்பாக்கம் போயிருக்கிறார், எடுத்ததைப் போட்டுப் பார்க்க.

முருங்கைக் கிளை ஒடிந்து விழுந்திருக்கிறது. கீரை பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தேன்.

ஐப்பசி 19, செவ்வாய்

முந்தாநாள் போனவர் இன்று காலைதான் வந்தார். முகம் கல்யாணத்தன்று இருந்த மாதிரி. செருப்பைக் கூடக் கழற்றாமல் சொன்னார்.

"பாக்கியம், அன்னிக்கு நான் குழியில படுத்துக் காட்டினேனே, அதுவும் ஓடியிருக்கு. கேமராமேன் நிறுத்தல. திரையில வந்துச்சு. எடிட்டர், லாப் ஆளுங்க, வேடிக்கை பார்க்க வந்தவன், ஒருத்தன் சிரிக்கல. ஒருத்தன் எழுந்தே நின்னுட்டான். என் மூஞ்சி திரையில தெரிஞ்சு ஜனம் சிரிக்காம இருந்தது இதான் முதல் தடவை."

கிளைமாக்ஸை மாற்றப் போகிறாராம். பெண்ணைப் புதைத்த பிறகு அப்பனும் அந்தக் குழியில் போய்ப் படுக்கிறான். அதோடு படம் முடிகிறது.

பால் பொங்கி அடுப்பு அணைந்தது.

அவர்தானே முதலில் படுத்தார். அந்தப் பெண்ணுக்கு முன்னால். கேமரா ஓடிய சத்தம் நானே கேட்டேன். எல்லாரும் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். இவர் சிரிக்கவில்லை.

ஐப்பசி 20, புதன்

மாணிக்கத்தைப் பின்பக்கம் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அது நடிகருக்குத்தான் அண்ணி. டைரக்டர் சும்மா சொல்லிக் குடுக்கப் படுத்தா அதுக்கெல்லாம் கெடையாது."

"அவரு டைரக்டரா, நடிகரா?"

சைக்கிள் மணியை விரலால் தடவிக்கொண்டே இருந்தான்.

"ரெண்டும்தான்" என்றான் கடைசியில்.

"அன்னிக்கு குடிசை வாசல்ல விழுந்து விழுந்து பெரண்டாரே, அப்பவாச்சும் சிரிச்சாரா?"

"சிரிக்க வெக்கறவன் சிரிக்க மாட்டான் அண்ணி. அதான் தொழிலு."

யோசித்துப் பார்த்தேன். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. வ. சிரிக்கும்போது அவளைப் பார்த்துக்கொண்டு இருப்பார், அவ்வளவுதான்.

ஐப்பசி 21, வியாழன்

இடைவிடாத மழை. குழாயடியில் பேச்சு: "ஏரி ரொம்பிகினு கீது." "கரை மண்ணு இளகிப் பூச்சாம், மாட்ட வுடாதீங்க."

நாளை அந்தக் கடைசிக் காட்சி, அதே ஏரிக்கரைக் குழியில். மழை வேண்டாமா என்றால், "மழைதான் வேணும்" என்கிறார். இருமல் நெஞ்சுக்குள் போய்விட்டது.

"படுத்தீங்கன்னா எழுந்து கேமராவப் பாத்து சிரிக்கணும். போன தடவைக்கும் சேத்து" என்றேன்.

"முடிவுல போய் சிரிக்கச் சொல்றியா?"

"வெட்டிப் போட்டுக்குங்க."

"எனக்கு வராது பாக்கியம்."

சாயங்காலம் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் ஒரு கல்லை எடுத்து வந்து கூடத்து நடுவில் வைத்தேன். சேலையைத் தூக்கிச் செருகினேன். நடந்தேன். கல்லைப் பார்த்துப் பயந்தேன், கும்பிட்டேன், சுற்றிக்கொண்டு தாண்டினேன், நெஞ்சை நிமிர்த்தினேன், விழுந்தேன். இந்த வயசில். முட்டி பெயர்ந்தது.

அவர் கவனமாகப் பார்த்தார்.

"இடது காலை முன்னாடி வைக்கணும்" என்றார். "அப்பதான் விழறது நிஜமாத் தெரியும்."

கை கொடுத்துத் தூக்கிவிட்டார். சிரிக்கவில்லை.

ஐப்பசி 22, வெள்ளி

விடிவதற்குள் போய்விட்டார்கள். குடையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். புதுப் பூசணி வாங்கி மாணிக்கத்திடம் கொடுத்தேன். உடைத்தால்தான் நீ இந்த வீட்டில் காப்பி குடிக்கலாம் என்றேன். என்ன பாடுபட்டாவது சிரிக்க வைத்துவிட்டுத்தான் கேமராவுக்கு உறை போடுவேன் என்று சூடத்தின் மேல் சத்தியம் செய்தான்.

யூனிட்டுக்குச் சாப்பாடு தயார். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு. மாணிக்கம் வந்து எடுத்துப் போக வேண்டும். இன்னும் காணோம். பச்சைப் பாவாடை நனையாமல் உள்ளே கொடியில் கிடக்கிறது.

ஏரிப் பக்கம் ஜனம் ஓடுகிற மாதிரி சத்தம். தீபாவளிச் சத்தமாகக் கூட இருக்கும்.

ஜன்னலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். தெருமுனையில் மாணிக்கம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறான். கேரியரில் பூசணி முழுசாக இருக்கிறது. மணி அடிக்கவில்லை.